பயணச்சீட்டில் ஒரு பெயர், விமானி அறையில் இன்னொரு பெயர்

வான்போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர் முதலில் தேடிச் செல்வது கால அட்டவணைகளை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை, எந்த நிறுவனத்தின் விமானம் என்ற விவரங்கள் அவற்றில் வரிசையாகக் கிடைக்கும். 1980கள் வரையிலான அட்டவணைகளைப் பெரும்பாலும் அப்படியே எண்ணிவிடலாம். பிந்தையவற்றை அவ்வாறு எண்ணினால் கணக்கு பெருத்துவிடும். ஒரே நேரத்தில், ஒரே ஊருக்கு, ஒரே வாயிலிலிருந்து புறப்படும் ஒரே விமானம் இரண்டு எண்களில், சில வேளை நான்கைந்து எண்களில் அச்சாகியிருக்கும். ஓர் எண் அந்த விமானத்தை ஓட்டும் நிறுவனத்துடையது. மற்றவை அதன் இருக்கைகளைத் தம் பெயரில் விற்கும் நிறுவனங்களுடையவை. கோடுஷேர் எனப்படும் குறியீட்டுப் பகிர்வு ஒப்பந்தத்தின் விளைவு இது.

இவ்வொப்பந்தங்களால் பயணிக்கு விளையும் வசதியையும் குழப்பத்தையும் பற்றி மேலாண்மைத் துறையினர் நிறைய எழுதியிருக்கிறார்கள். விமானியைப் பற்றிய எழுத்து குறைவு. விற்பவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்று ஆன பிறகு, ஓட்டும் வேலை யாருக்குப் போகிறது? இந்தக் கேள்வியைத் திருவனந்தபுரத்தில் நின்று கேட்டுப் பார்க்கலாம் என்பதே இந்த நீண்ட பதிவின் நோக்கம். திருவனந்தபுரம் எதற்கு என்று சென்னை நண்பர்கள் கேட்கக்கூடும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசிப் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் கேட்கமாட்டார்கள். 1956 வரை அரசியலால் ஒன்றாயிருந்த நாஞ்சில் நாட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இன்று வரை தொடரும் இணைப்புகளில் அந்த விமான நிலையமும் ஒன்று.

விமானியின் வாழ்க்கை மணிக்கணக்கால் அளக்கப்படுவது. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் போக்குவரத்து விமானியின் முழு உரிமத்துக்கு 1500 மணி நேரப் பறப்பு தேவை. துணை விமானி தலைமை விமானியாவதற்கு மணிக்கணக்கும் வேண்டும், பணிமூப்புப் பட்டியலில் இடமும் வேண்டும், நிறுவனத்திடம் விமானமும் இருக்க வேண்டும். ஊதியத்தில் கணிசமான பகுதி, பறந்த மணிகளுக்கு ஏற்ப வரும் படி. எந்த வகை விமானம் என்பதும் முக்கியம். அகன்ற உடல் கொண்ட நெடுந்தூர விமானத்தை ஓட்டியவருக்கு உலகச் சந்தையில் இருக்கும் மதிப்பு, குறுகிய உடல் விமானத்தை மட்டும் ஓட்டியவருக்கு இருப்பதில்லை. ஆகவே ஒரு வழித்தடத்தை இயக்கும் பொறுப்பு கூட்டாளி நிறுவனத்துக்குப் போகும்போது, பயணி வேறொரு வண்ணம் பூசிய விமானத்தில் ஏறுகிறார், அவ்வளவுதான். விமானிக்கோ அந்த மணிகள், அந்த விமான வகை, அதன்வழி வரக்கூடிய பதவி உயர்வு ஆகிய அனைத்தும் சேர்ந்தே போகின்றன.

‘கோடுஷேர்’ என்ற சொல் 1989இல் குவாண்டாஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. நடைமுறை அதைவிடப் பழையது. அமெரிக்காவில் அலகேனி ஏர்லைன்ஸ் 1967இலேயே தனக்குக் கட்டுப்படியாகாத சிற்றூர்த் தடங்களைச் சிறு நிறுவனங்களிடம் விட்டு, தன் பெயரிலேயே அவற்றை ஓட்டச் செய்தது. பெரிய நிறுவனத்தின் பெயர், சிறிய நிறுவனத்தின் விமானி. பின்னாளில் வந்த தகராறுகளின் வித்து இங்கேயே இருக்கிறது.

இந்தியாவில் இதன் முன்வரலாறு இன்னும் பின்னே போகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானத்தில் இருந்தவை, லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்து சேர்த்த கடிதங்கள். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றை ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். அஞ்சல் என்ற நம் சொல் இந்த ஏற்பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தொடர் ஓட்டத்தை நாம் அஞ்சலோட்டம் என்கிறோம். திருவிதாங்கூர் அரசு தன் சொந்தத் தபால் துறைக்கு அஞ்சல் என்றே பெயர் வைத்திருந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் சுமை, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓட்டக்காரர், அவருக்குரிய கூலி. 1935இல் டாடா விமானம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய திடலில் இறங்கி, திருவனந்தபுரத்தை இந்தத் தொடரில் இணைத்தது. அரச குடும்பத்தில் மணம் புரிந்த கோதவர்ம ராஜா தாமே விமானம் ஓட்டப் பயின்றவர்; இங்கு பறத்தல் ஓர் ஆர்வமாகவும் பின்னர் பயிற்சியாகவும் வேரூன்றியதில் அவர் பங்கு பெரிது. 1971இல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார்.

டாடாவின் அஞ்சலோட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி விமானி இருந்தார். அதே ஆண்டுகளில் வேறொரு மாதிரியும் தோன்றியது. 1933இல் இந்தியன் டிரான்ஸ்கான்டினென்டல் ஏர்வேஸ் என்ற நிறுவனம் பதிவாயிற்று. அதன் பங்குகளில் 51 விழுக்காடு இம்பீரியல் ஏர்வேஸிடம், 25 விழுக்காடு இந்தியன் நேஷனல் ஏர்வேஸிடம், மீதி இந்திய அரசிடம். கராச்சியிலிருந்து கல்கத்தா வழியாகக் கிழக்கே செல்லும் பேரரசுத் தடத்தின் இந்தியப் பகுதியில் இந்தப் பெயர் பறந்தது. விமானத்தின் பதிவெழுத்து இந்தியாவுடையது, பெயர் இந்தியாவுடையது. ஓட்டும் அமைப்போ இம்பீரியலுடையது. இந்திய வான்வெளியில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு என்று காட்டுவதற்குப் பெயர் போதுமானதாயிருந்தது. இந்திய விமானி ஒருவர் உருவாவதற்கு அது போதவில்லை. குறியீட்டுப் பகிர்வைப் பற்றி எழுதுவோர் 1967இலிருந்து தொடங்குவது வழக்கம். நம் தரப்பிலிருந்து எழுதுவோர் 1933இலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1944இன் சிகாகோ உடன்படிக்கை வான்வெளியை அந்தந்த நாட்டின் முழு உரிமை என்று ஏற்றது. அதன்மேல் 1946இல் பிரிட்டனும் அமெரிக்காவும் பெர்முடாவில் செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரியாக அமைய, இரு நாடுகள் அமர்ந்து பேசித் தடங்களைப் பங்கிடும் இருதரப்பு முறை உலகெங்கும் பரவியது. இம்முறையில் ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தன் விமானத்தால், தன் விமானியால் ஓட்டுவதே இயல்பு. நிறுவனங்கள் வருவாயைக் கூட்டாகப் பிரித்துக்கொண்டாலும் அது மாறவில்லை. 1960இல் ஏர் இந்தியா, பிஓஏசி, குவாண்டாஸ் ஆகிய மூன்றும் பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா தடத்தில் ஒரு முத்தரப்புக் கூட்டில் இணைந்தன. வருவாய் பொதுவில் சேர்ந்து பிரிந்தது. விமானமும் விமானியும் அவரவருடையவையாகவே இருந்தன. இந்த ஏற்பாட்டைப் பொருளியலார் போட்டியைக் கொன்ற கூட்டுச்சதி என்பர். கட்டணம் உயர்ந்தே இருந்தது என்பதால் அதில் உண்மையும் உண்டு. ஆனால் விமானியின் பக்கமிருந்து பார்த்தால், மணிகளைச் சமமாகப் பங்கிட்ட முறை அது. இந்தியத் தலைமை விமானிகளின் ஒரு தலைமுறை போயிங் 707இலும் 747இலும் நெடுந்தூரம் பறந்து உருவானது இந்தக் காலத்தில்தான்.

உள்ளுக்குள் வேறொரு பிரிவினை நடந்தது. 1953இன் விமானக் கழகச் சட்டம் உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரண்டு அரசு நிறுவனங்களை அமைத்தது. கோடு அவ்வளவு நேராக இல்லை. மாலே போன்ற அண்டை வெளிநாட்டுத் தடங்கள் இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்தன. பின்னர் வளைகுடாத் தடங்கள் சிலவும் அதற்குக் கிடைத்தன. 1991இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்ட திருவனந்தபுரத்தில் இரண்டு அரசு நிறுவனங்களின் விமானங்களும் அருகருகே நின்றன. ஒன்றின் குறியீடு ஐசி, மற்றதன் குறியீடு ஏஐ. ஒரே அரசின் ஊழியர்களாயினும் விமானிகள் இரண்டு சங்கங்களாக, இரண்டு பணிமூப்புப் பட்டியல்களாக, இரண்டு ஊதிய முறைகளாக இருந்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் ஐசிபிஏ. ஏர் இந்தியா விமானிகளின் சங்கம் ஐபிஜி.

இதன்மேல் மூன்றாவதாக ஒரு குறியீடு சேர்ந்தது. 2005 ஏப்ரல் 29 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் புறப்பட்டது. இதைக் கேரள உழைப்பாளர்களுக்கான மலிவுக் கட்டணச் சேவை என்றே பொதுவாக எழுதுகிறோம், அது உண்மையே. தொழில் வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தாய் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று, தனிக் குறியீட்டுடன், தனி விமானிக் குழுவுடன், தனி ஒப்பந்த நிபந்தனைகளுடன், தாய் நிறுவனத்துக்குரிய சந்தையிலேயே பறக்கத் தொடங்கியது. அலகேனி செய்தது பெயரைக் கொடுத்து வேலையை வெளியே விட்டது. இங்கு நடந்தது வேலையோடு பெயரையும் பிரித்தது. வேலைக்குரிய நிபந்தனைகள் மாறின என்பதில் இரண்டும் ஒன்று. போயிங் 737இல் நான்கு மணி நேரம் மேற்கே, ஒரு மணி நேரம் தரையில், நான்கு மணி நேரம் திரும்ப, பெரும்பாலும் இரவில். வெளிநாட்டில் தங்கல் இல்லை, நெடுந்தூர விமானத்துக்கு மாறும் வழி எளிதில்லை.

இரவுப் பறப்பின் விலை என்ன என்பதை 2010 மே 22 காட்டியது. துபாயிலிருந்து மங்களூர் வந்த எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர். ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையிலான விசாரணை, தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதியில் உறங்கியிருந்ததையும், விழித்தெழுந்த மந்தநிலை அவர் முடிவுகளைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் பதிவு செய்தது. தனிமனிதரின் தவறாக மட்டும் இதைப் படிப்பது எளிது; பலர் அப்படித்தான் படித்தார்கள்.

இப்போது இக்கதையின் மையப் பகுதிக்கு வருவோம். 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. காகிதத்தில் இணைந்த பிறகும் ஐசி, ஏஐ என்ற இரண்டு குறியீடுகளும் பல ஆண்டுகள் தனித்தனியே ஓடின. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர வேண்டுமானால் ஒரே குறியீடு வேண்டும். கூட்டாளிகளோடு இருக்கைகளைப் பகிர்ந்து விற்பதுதான் அந்தக் கூட்டணியின் அடிப்படை. 2011 பிப்ரவரியில் ஐசி மறைந்து எல்லாம் ஏஐ ஆயிற்று. இரண்டே மாதங்களில், ஏப்ரல் 27 அன்று, ஐசிபிஏ விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியச் சமநிலை அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை. பறந்த மணிகளைச் சார்ந்த படியில் இரு தரப்புக்கும் இருந்த வேறுபாடு அதன் உள்ளே இருந்தது. போராட்டம் பத்து நாட்களில் முடிந்தது.

இந்தத் தேதி ஒற்றுமையை நான் காரண காரிய உறவாகக் காட்ட விரும்பவில்லை. குறைகள் 2007இலிருந்தே இருந்தவை. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். இரண்டு குறியீடுகள் இருந்தவரை இரண்டு ஊதியங்களுக்கு ஒரு வெளித்தோற்ற நியாயம் இருந்தது. ஒரே குறியீட்டைத் தாங்கிய இரு விமானங்கள் ஒரே தளத்தில் நிற்க, ஒன்றின் விமானிக்கு ஒரு கணக்கும் மற்றவருக்கு வேறு கணக்கும் என்றபோது அந்த நியாயம் கரைந்தது.

நீதிபதி டி. எம். தர்மாதிகாரி தலைமையிலான குழு இணைப்பின் சிக்கல்களை ஆராய்ந்து 2012 ஜனவரியில் அறிக்கை தந்தது. அவ்வாண்டு மே மாதம் எதிர்த்தரப்பு போராடியது. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானங்களின் பயிற்சி இடங்களில் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பங்கு தரப்படுவதை எதிர்த்து ஐபிஜி விமானிகள் உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்தனர். 58 நாட்கள் நீண்ட இந்தப் போராட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டெல்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் ஜூலை தொடக்கத்தில் அது முடிந்தது. முதல் 787 செப்டம்பரில் வந்திறங்கியது.

ஊடகங்கள் இதைச் சலுகை பெற்றோரின் பிடிவாதம் என்றே எழுதின. ஊதியத்தின் அளவை வைத்துப் பார்த்தால் அனுதாபம் பிறப்பது கடினம்தான். எனினும் போராட்டப் பொருளைக் கவனியுங்கள். கேட்கப்பட்டது யார் எந்த விமானத்தை ஓட்டுவது என்ற உரிமை. ஒரு புதிய நெடுந்தூர விமானத்தில் இடம் கிடைக்காத இளம் விமானிக்குத் தலைமைப் பதவி பல ஆண்டுகள் தள்ளிப்போகும் என்று ஐபிஜி கருதியது. குறுகிய உடல் விமானத்திலேயே ஓய்வு பெறும்படி தாம் விதிக்கப்படுவதாக மறுதரப்பு கருதியது. இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள், ஒரே குறியீட்டில் பறந்தவர்கள்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே விமானிகளின் கூட்டு ஊதிய ஒப்பந்தங்களில் ‘ஸ்கோப்’ எனப்படும் வரையறைப் பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் குறியீட்டைத் தாங்கிக் கூட்டாளிகள் எத்தனை விமானங்களை ஓட்டலாம், அவற்றில் எத்தனை இருக்கைகள் இருக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. பெரிய நிறுவனங்களின் வட்டார விமானங்கள் 76 இருக்கைகளோடு நின்றுவிடுவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிரிவு. இந்தியாவில் சங்கங்கள் நிறுவனவாரியாகப் பிளவுபட்டிருந்தன. குறியீட்டுப் பகிர்வு ஒப்பந்தங்களோ அரசும் நிர்வாகமும் மட்டும் பேசி முடிக்கும் விஷயமாகவே இருந்துவந்தன. வெளியே உள்ள கூட்டாளியோடு எல்லை வகுக்கும் வாய்ப்பு இல்லாதபோது, இருப்பதைப் பங்கிடுவதில் விமானிகள் ஒருவரோடொருவர் மோதினார்கள் என்றே 2011, 2012 நிகழ்வுகளை நான் வாசிக்கிறேன்.

வரையறைப் பிரிவு எல்லாவற்றையும் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே வீழ்ந்த விமானத்தின் பயணச்சீட்டுகளில் கான்டினென்டல் என்ற பெரிய பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். 50 பேர் இறந்தனர். விசாரணையில் வெளிவந்தவை அந்நாட்டை உலுக்கின: குறைந்த ஊதியம், பணியிடத்துக்கு வெகுதொலைவிலிருந்து வந்து சேரும் களைப்பு, பயிற்சிக் குறைகள். 2010இல் வந்த சட்டம் துணை விமானிகளின் தகுதியை உயர்த்தியது. சீட்டு விற்கும்போதே ஓட்டும் நிறுவனம் எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. பெயரைப் பார்த்து வாங்கிய பயணி, அந்தப் பெயருக்குரிய பயிற்சியும் ஓய்வும் விமானி அறையில் இருக்கும் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைத்தான் குறியீடு விற்றது.

மீண்டும் அரபிக்கடலுக்கு வருவோம். 2013 ஏப்ரலில் அபுதாபியின் எதிஹாட், ஜெட் ஏர்வேஸில் 24 விழுக்காட்டுப் பங்கை வாங்க உடன்பட்டது. மதிப்பு சுமார் 2,058 கோடி ரூபாய். அதையொட்டி இந்தியாவுக்கும் அபுதாபிக்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் இருந்த வாராந்தர இருக்கை அளவு சுமார் 13,000இலிருந்து கட்டம் கட்டமாக ஏறத்தாழ 50,000 ஆக உயர அரசு இசைந்தது. இரு நிறுவனங்களும் விரிவாகக் குறியீடுகளைப் பகிர்ந்தன. இதன் இயக்கம் எளிது. இந்திய நகரங்களிலிருந்து பயணிகளை அபுதாபி வரை கொண்டு சேர்க்கும் குறுந்தூரப் பறப்பில் ஜெட் விமானிகளுக்கு வேலை கூடும். அபுதாபியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் நெடுந்தூரப் பறப்பு எதிஹாட் விமானிகளுடையது. மொத்த மணிகள் குறைந்தன என்று சொல்லிவிட முடியாது. சில விமானிகளுக்குக் கூடியிருக்கவும் கூடும். மாறியது மணிகளின் தன்மை. அதே காலத்தில் ஏர் இந்தியா தன்னிடமிருந்த எட்டு 777-200எல்ஆர் விமானங்களில் ஐந்தை எதிஹாட்டுக்கே விற்றது. இந்தியப் பயணி அமெரிக்காவுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவரை ஏற்றிச் செல்லும் பெருவிமானத்தின் விமானி அறைதான் இடம் மாறியது.

நேர்மையாகச் சொன்னால், பகிர்வு இல்லையேல் அந்த அபுதாபி விமானங்களில் சில புறப்பட்டே இருக்காது. திருவனந்தபுரத்திலிருந்து டொரன்டோவுக்கு நேரடி விமானம் ஓட்டும் அளவுக்குப் பயணிகள் இல்லை. கூட்டாளியின் மையம் வழியாகப் பல ஊர்களின் பயணிகளைத் திரட்டினால்தான் இருக்கைகள் நிறையும். குறியீட்டுப் பகிர்வை வேலை பறிக்கும் சூழ்ச்சி என்று மட்டும் சித்திரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மையம் யாருடைய மண்ணில் இருக்கிறது என்பதே கேள்வி. அது எப்போதும் வெளியே இருக்கும்படி அமைந்தால், இந்திய விமானி என்றென்றும் அஞ்சலோட்டத்தின் முதல் கட்டத்துக்காரராகவே இருப்பார். ஜெட் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் ஊதியம் பெறாத அதன் விமானிகள் வேறு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். பணிமூப்பு மாற்றத்தக்க சொத்து அன்று. பலரும் புதிய பட்டியலின் கீழ்ப்படியிலிருந்து ஏறவேண்டியிருந்தது.

1933இன் மாதிரியும் உயிரோடுதான் இருக்கிறது. எமிரேட்ஸ் 1985இல் தொடங்கியபோது பாகிஸ்தானின் பிஐஏ நிறுவனம் விமானத்தையும் விமானியையும் குத்தகைக்குத் தந்தது. வெட் லீஸ் எனப்படும் இம்முறையில் வாங்குபவர் பெயரைப் பூசுகிறார், ஓட்டுவது தருபவர். பிஐஏ இன்று இருக்கும் நிலையையும் எமிரேட்ஸ் இருக்கும் நிலையையும் ஒப்பிட்டால், கடன் வாங்கிய கைகளால் தொடங்குவது பலவீனத்தின் அடையாளம் அன்று என்பது விளங்கும். எமிரேட்ஸ் விரைவில் தனக்கென விமானங்களையும் விமானிகளையும் சேர்த்துக்கொண்டது. 2023இல் இண்டிகோ, ஏற்கெனவே குறியீடு பகிர்ந்துவந்த துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து இரண்டு 777 விமானங்களை விமானிகளோடு குத்தகைக்கு எடுத்து டெல்லி, மும்பையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு இயக்கியது. இண்டிகோவின் இந்திய விமானிகளிடம் அந்த வகையை ஓட்டும் தகுதி இருக்கவில்லை. அந்நிறுவனத்திடம் அகன்ற உடல் விமானமே அப்போது கிடையாது. 2025இல் அரசு அந்தக் குத்தகைக்குக் கால வரம்பு விதித்தது. காரணம் அரசியல் சார்ந்தது. விமானிகளின் மணிக்கணக்கு அதில் பேசுபொருளாகவில்லை. இண்டிகோ தனக்கென 30 ஏ350 விமானங்களுக்கு 2024இல் ஆணை தந்திருக்கிறது. எமிரேட்ஸின் பாதை இங்கும் திரும்புமா என்பது அவை வந்து சேர்ந்த பிறகு தெரியும்.

பயணிக்கும் விமானியின் நேரத்துக்கும் இடையே உள்ள திரை எவ்வளவு தடித்தது என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. 2012 அக்டோபரில் அபுதாபியிலிருந்து கொச்சிக்குச் சென்ற எக்ஸ்பிரஸ் விமானம், கொச்சியில் பார்வைத் தெளிவு இல்லாததால் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அங்கிருந்து மீண்டும் பறக்க விமானிகளின் பணி நேர வரம்பு இடம் தரவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்த பயணிகள் விமானி அறை வரை சென்று முறையிட, விமானத்திலிருந்து கடத்தல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பாதுகாப்புப் படையினர் விமானத்தைச் சூழ்ந்தனர். ஊருக்கு வந்துவிட்ட பிறகும் வீட்டுக்குப் போகமுடியாத உழைப்பாளியின் சினம் ஒரு பக்கம். சட்டப்படி பறக்கக் கூடாத விமானியின் நிலை மறு பக்கம். இருவருக்கும் நடுவே அந்த விதியை விளக்கிச் சொல்ல நிறுவனத்தின் சார்பில் உரிய ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கு ஒரே குறியீடுதான் இருந்தது. இரண்டு குறியீடுகள் இருக்கும் பயணத்தில் இந்தத் திரை இன்னும் ஒரு மடிப்பு தடிக்கிறது: சீட்டு விற்றவரிடம் கேட்டால் ஓட்டுபவரைக் காட்டுவார், ஓட்டுபவரிடம் கேட்டால் விற்றவரைக் காட்டுவார்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஒரு விமானம் எத்தனை எண்களில் விற்கப்பட்டிருந்தாலும் வானொலியில் அதற்கு ஓர் அழைப்புப் பெயர்தான். அது ஓட்டும் நிறுவனத்துடையது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் செல்லும் நாட்களில் நிலையம் சுமார் ஐந்து மணி நேரம் மூடப்படுகிறது. அன்று நேரம் மாறுவது விமானத்துக்குத்தான். அதன்மேல் ஒட்டியுள்ள எல்லா எண்களும் கூடவே நகரும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால அட்டவணை தராத தகவலைத் தரும் சான்று ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது: விமானியின் பறப்புப் பதிவேடு. தேதி, விமானத்தின் வகை, அதன் பதிவெழுத்து, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், பகல் மணிகள், இரவு மணிகள், தலைமை விமானியாகவா துணை விமானியாகவா என்ற விவரங்கள் அதில் வரிக்கு வரி இருக்கும். இருக்கைகளை யார் யார் விற்றார்கள் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. ஓய்வு பெற்ற விமானிகள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஒருவருடைய 30 ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, 1991க்கு முன்னும் 2007க்குப் பின்னும் இரவு மணிகளும் நெடுந்தூர மணிகளும் எப்படி மாறின என்று கணக்கிட்டாலே ஓர் எம்.ஃபில். அளவுக்கான வேலை இருக்கிறது. வீடு மாற்றும்போது முதலில் பழைய காகிதக் கடைக்குப் போவதும் இத்தகைய ஏடுகள்தான். யாரிடமாவது இருப்பதாக அறிந்தால், உரியவரின் ஒப்புதலோடு பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். பெயரை நீக்கிவிட்டு எண்களை மட்டும் ஆராயலாம். நாஞ்சில் நாட்டிலிருந்து விமானிகளாகவும் விமானப் பொறியாளர்களாகவும் போனவர்களின் குடும்பங்களை அறிந்த நண்பர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.